தரையை உதைக்கும் வலிமை: இளையோரின் குறுந்தூர ஓட்டமும் வலுப்பயிற்சியும்

குறுந்தூர ஓட்டத்தில் இரண்டு திறன்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. நின்ற நிலையிலிருந்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது முதலாவது, இதுவே முடுக்கம். கூட்டிய வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய்க் கூடியவரை தக்கவைப்பது இரண்டாவது. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது முதல் 20 மீட்டருக்கு 2.89 நொடி பிடித்தது. 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடைப்பட்ட 20 மீட்டரை 1.61 நொடியில் கடந்தார். மணிக்குச் சுமார் 44.7 கிலோமீட்டர் என்ற அந்த வேகத்தை எட்ட அவருக்கே 60 மீட்டர் தேவைப்பட்டது. பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள் தங்கள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள். கால்பந்து, ஹாக்கி, கபடி ஆடுவோருக்கு அந்தத் தூரமும் கிடைப்பதில்லை. பத்து, பதினைந்து மீட்டருக்குள் யார் முந்துகிறார் என்பதில்தான் அவர்களுடைய ஆட்டம் இருக்கிறது. எனவே இளையோரைப் பொறுத்தவரை வேகம் பற்றிய கேள்வியில் பெரும்பகுதி முடுக்கம் பற்றிய கேள்விதான்.

பளு தூக்கிப் பழகினால் ஓடும் வேகம் கூடுமா, கூடுமென்றால் எந்தப் பகுதியில் கூடும், எந்த வயதில் எந்த வகைப் பயிற்சி பலன் தரும், வளரும் உடலுக்கு அதனால் கேடு உண்டா என்ற கேள்விகள் பல ஆண்டுகளாகப் பயிற்சியாளர்களிடையே விவாதிக்கப்படுகின்றன. பளு தூக்கினால் தசை இறுகி ஓட்டம் மந்தமாகும் என்பது பழைய தலைமுறைப் பயிற்சியாளர்கள் பலரின் நம்பிக்கை. பளு தூக்கினால் பிள்ளை வளராமல் குள்ளமாகிவிடுவான் என்பது பெற்றோரின் அச்சம். கடந்த 30 ஆண்டு ஆய்வுகள் இரண்டையும் ஏறக்குறைய தள்ளிவிட்டன. ஆனால் வலிமை கூடிய அளவுக்கு வேகமும் தானாகக் கூடிவிடும் என்ற எதிர்ப்பக்க நம்பிக்கைக்கும் அவை இடம் கொடுக்கவில்லை.

பாதம் தரையில் இருக்கும் நேரம்

வேகமாக ஓடுபவர் கால்களை மற்றவர்களைவிட விரைவாக வீசுகிறார் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். 2000ஆம் ஆண்டில் பீட்டர் வெயாண்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. நொடிக்கு 6.2 மீட்டர் உச்ச வேகம் கொண்டவர் முதல் 11.1 மீட்டர் வேகம் கொண்டவர் வரை பலரை ஓடவிட்டு அளந்தபோது, காலைக் காற்றில் முன்னே கொண்டுவர அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தரையில் செலுத்திய விசையில் இருந்தது. மிக வேகமானவர், மிக மெதுவானவரைவிடத் தன் எடைக்கு ஏற்பச் சுமார் 1.26 மடங்கு விசையைச் செலுத்தினார். அதையும் மிகக் குறுகிய நேரத்துக்குள் செலுத்தினார்.

இந்த நேரக் கணக்கு முழுப் பொருளுக்கும் அடிப்படை. புறப்படும்போது முதல் சில அடிகளில் பாதம் தரையில் இருப்பது 0.2 நொடிக்குச் சற்றுக் குறைவு. உச்ச வேகத்தில் தேர்ந்த ஓட்டக்காரரின் பாதம் 0.1 நொடிகூடத் தரையில் தங்குவதில்லை. ஒரு தசை தன் முழு வலிமையையும் திரட்ட 0.3 நொடி அல்லது அதற்கும் கூடுதலான நேரம் வேண்டும். அதாவது ஓடுகிறவர் எந்த அடியிலும் தன் முழு வலிமையைப் பயன்படுத்துவதே இல்லை. கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு விசையைத் திரட்டுகிறார் என்பதே அவருக்குக் கணக்கு. பாதம் சற்று நெடுநேரம் தரையில் நிற்கும் முதல் 20 மீட்டரில் பளுப்பயிற்சியின் பலன் தெளிவாகத் தெரிவதற்கும், உச்ச வேகத்தில் மங்குவதற்கும் காரணம் இதுதான்.

உச்ச வேகத்தில் வேறொரு பண்பு முன்னுக்கு வருகிறது. பாதம் தரையைத் தொட்டதும் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் இழுபட்டு, அந்த இழுப்பில் சேர்ந்த ஆற்றலை உடனே திருப்பித் தருகின்றன. கணுக்கால் தளர்ந்து குதிகால் கீழே அமிழ்ந்தால் ஆற்றல் வீணாகிறது. தரையில் நிற்கும் நேரமும் கூடுகிறது. கணுக்காலை விறைப்பாக வைத்திருக்கும் இந்தத் திறனைக் கனமான பளு ஓரளவே வளர்க்கும். துள்ளல் பயிற்சிகளும் முழுவேக ஓட்டமும்தான் அதை நேரடியாக வளர்க்கின்றன.

விசையின் அளவுடன் திசையும் சேர்ந்தே வேலை செய்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஜான்-பெனுவா மோரன், பியேர் சமோசினோ ஆகியோரின் ஆய்வுகள் இதை எடுத்துக்காட்டின. முடுக்கத்தின்போது தரையில் செலுத்தும் மொத்த விசையில் எவ்வளவு பங்கு பின்னோக்கிச் செல்கிறதோ அவ்வளவுக்கே உடல் முன்னேறுகிறது. மொத்த விசையில் சமமான இருவரில், உடலை முன்சாய்த்துத் தரையைப் பின்னுக்குத் தள்ளத் தெரிந்தவர் முந்திவிடுகிறார். நிமிர்ந்தே புறப்படும் சிறுவன் எத்தனை கிலோ தூக்கினாலும் அந்த வலிமையின் பெரும்பகுதி அவனை மேலே தூக்குவதிலேயே செலவாகிறது. மைதானத்தில் புறப்பாட்டைத் திருத்தும் பயிற்சியாளரின் வேலையை ஜிம்மால் செய்ய முடியாது.

ஓட்டக்காரர்களின் அனுபவம்

வலுப்பயிற்சிக்கு ஒரே பாதைதான் உண்டு என்று ஓட்ட வரலாறு சொல்லவில்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆலன் வெல்ஸ், பளு தூக்குவதைவிடக் குத்துச்சண்டை வீரர்கள் பயன்படுத்தும் தொங்கும் பந்தை விடாமல் குத்தும் பயிற்சிக்குப் பெயர் பெற்றவர். அமெரிக்காவின் அலிசன் ஃபெலிக்ஸ் கதை வேறு. மெலிந்த கால்களுக்காகப் பள்ளித் தோழர்கள் 'கோழிக்கால்' என்று அழைத்த அந்தப் பெண், சுமார் 57 கிலோ எடையுடன், பள்ளி நாட்களிலேயே 120 கிலோவுக்கு மேல் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பளுவை நிமிர்ந்து தூக்குதல்) செய்தார். அவருடைய வலுப்பயிற்சியாளர் பாரி ராஸ், வெயாண்டின் முடிவுகளைப் படித்துவிட்டு, எடை கூடாமல் வலிமை மட்டும் கூட வேண்டும் என்ற நோக்கில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் கனமாகத் தூக்கவைத்தார். ஃபெலிக்ஸ் 2003இல் 17 வயதில், காற்று அடர்த்தி குறைந்த மெக்சிகோ சிட்டியில் 200 மீட்டரை 22.11 நொடியில் ஓடினார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.

ஒரு மேதையின் கதையை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஃபெலிக்ஸ் டெட்லிஃப்ட் செய்யாமலே வேகமாக ஓடியிருக்கக்கூடும். ஆனாலும் அவருடைய எடுத்துக்காட்டு ஒரு பயனுள்ள செய்தியைச் சொல்கிறது. ஓட்டக்காரருக்குத் தேவை தன் எடைக்கு ஏற்ற வலிமை. சதைப்பற்று தேவையில்லை. மார்பும் தோளும் புடைக்கச் செய்யும் ஆணழகன் பாணிப் பயிற்சி, சுமந்து ஓட வேண்டிய எடையைத்தான் கூட்டுகிறது. ஊர் ஜிம்முக்கு அனுப்பப்படும் பள்ளி ஓட்டக்காரர்கள் பலருக்குக் கிடைப்பது இந்தப் பயிற்சிதான் என்பது வருந்தத்தக்கது.

ஆய்வுகள் காட்டுவது

லோரான் ஸைட்ஸ் தலைமையிலான குழு 2014இல் 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பளுவைச் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியில் வலிமை எந்த அளவுக்குக் கூடியதோ அந்த அளவுக்குக் குறுந்தூர ஓட்டத்தின் நேரமும் குறைந்திருந்தது; இரண்டுக்கும் இடையிலான தொடர்பு வலுவானது. ஜெர்மனியில் இளம் கால்பந்து வீரர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு இன்னும் அருமையானது, ஏனென்றால் இந்தத் துறையில் பெரும்பாலான ஆய்வுகள் ஆறு, எட்டு வாரங்களில் முடிந்துவிடுகின்றன. வழக்கமான கால்பந்துப் பயிற்சியுடன் வாரம் இரு முறை ஸ்குவாட் செய்தவர்கள், கால்பந்து மட்டும் ஆடியவர்களைவிட 30 மீட்டருக்குட்பட்ட ஓட்டத்தில் 6 சதவீதம் வரை கூடுதலாக முன்னேறினார்கள். அதே குழுவைச் சேர்ந்த மிகாயெல் கைனர் நீண்டகாலப் பயிற்சியின் இலக்காக ஓர் அளவையும் முன்வைத்தார். நான்கைந்து ஆண்டுகள் முறையாகப் பழகிய 16 முதல் 19 வயதினர் தம் எடையைப் போல் இரு மடங்கையும், 13 முதல் 15 வயதினர் ஒன்றரை மடங்கையும் ஸ்குவாட்டில் தூக்க முடியும் என்பது அது. பழகத் தொடங்கிய மாணவனுக்கு இந்த எண்களைக் காட்டி அவசரப்படுத்துவது ஆபத்து. பல ஆண்டு உழைப்பின் பயனாக வரும் அளவு அது.

இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு முடிவு உண்டு. மெலனி லெசின்ஸ்கியும் உர்ஸ் கிரானாக்கரும் 2016இல் இளம் விளையாட்டு வீரர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, வலுப்பயிற்சி தசை வலிமையையும் குதிக்கும் உயரத்தையும் நடுத்தர அளவில் உயர்த்தியது. நேர்கோட்டு ஓட்ட வேகத்தைச் சிறிதளவே உயர்த்தியது. ஜிம்மில் சேர்த்த வலிமை முழுவதும் ஓடுதளத்துக்கு வந்து சேர்வதில்லை. அது வந்து சேர, வலுப்பயிற்சி நடக்கும் அதே வாரங்களில் முழுவேக ஓட்டமும் துள்ளலும் நடந்தாக வேண்டும். ஓட்டத்தை நிறுத்திவைத்து இரண்டு மாதம் பளு மட்டும் தூக்கிவிட்டுப் பிறகு ஓடலாம் என்று திட்டமிடுவோர் ஏமாற்றம் அடைவது இதனால்தான்.

வளர்ச்சிப் பருவமும் பயிற்சியின் வகையும்

பெரியவர்களுக்கான பயிற்சித் திட்டத்தை எடையைக் குறைத்துச் சிறுவர்களுக்குக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் மிகப் பரவலானது, தவறானது. சிறுவர் உடல் வலிமை பெறும் வழியே வேறு. கனடாவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வில், பருவமடையாத சிறுவர்கள் 20 வாரம் பளுப்பயிற்சி செய்தார்கள். அவர்கள் வலிமை தெளிவாகக் கூடியது, தசையின் பருமன் கூடவில்லை. நரம்புகள் தசை இழைகளைக் கூடுதலாகவும் ஒத்திசைவாகவும் ஏவக் கற்றுக்கொண்டதே காரணம். பருவமடைந்த பிறகுதான், குறிப்பாக ஆண்பிள்ளைகளிடம், ஹார்மோன்களின் துணையோடு தசை பருக்கிறது.

எனவே பயிற்சியைத் தீர்மானிக்க வேண்டியது பிறந்த தேதியல்ல, உடல் வளர்ச்சியில் எங்கே நிற்கிறார் என்பதே. உயரம் மிக வேகமாகக் கூடும் விரைவளர்ச்சிக் கட்டம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதிலும் வருகிறது. ஆண்பிள்ளைகள் அந்த ஓராண்டில் 9, 10 சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. ஆனால் சராசரி என்பது தனிப்பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லாது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் உடல் முதிர்ச்சியில் நான்கு ஆண்டுகள் வரை வேறுபடலாம். உயரம், உட்கார்ந்த நிலை உயரம், எடை, வயது ஆகியவற்றைக் கொண்டு இந்தக் கட்டத்தை மதிப்பிடும் சூத்திரத்தை ராபர்ட் மிர்வால்டு 2002இல் தந்தார். அதில் ஓராண்டு வரை பிழை வரலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுவரில் குறியிட்டு உயரத்தை அளந்து நோட்டில் எழுதி வைத்தாலே, எந்த மாணவன் விரைந்து வளர்கிறான் என்பது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

ரோட்ரி லாயிட் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. விரைவளர்ச்சிக்கு முந்தைய சிறுவர்களும் அதைக் கடந்தவர்களுமாக 80 பேரைப் பிரித்து, சிலருக்குத் துள்ளல் பயிற்சி, சிலருக்குப் பளுப்பயிற்சி, சிலருக்கு இரண்டும் கலந்த பயிற்சி என்று ஆறு வாரம் கொடுத்தார்கள். சிறியவர்கள் துள்ளல் பயிற்சியில் அதிகம் முன்னேறினார்கள். வளர்ந்தவர்கள் கலந்த பயிற்சியில் முன்னேறினார்கள். சிறுவயதில் நரம்புமண்டலம் இயல்பாகவே விரைவாகத் தேர்ச்சி பெறுகிறது. துள்ளல் அந்தத் திசையிலேயே தூண்டுகிறது. வளர்ந்தவர்களின் உடலில் தசையும் நாணும் மாறத் தயாராக இருப்பதால் பளுவுக்கும் அது இணங்குகிறது. இயல்பான வளர்ச்சி போகும் திசையில் பயிற்சியும் போனால் பலன் கூடும் என்ற விளக்கத்தை லாயிட் குழு தருகிறது. ஆறு வாரம் குறைவான காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், இது ஏற்கத்தக்க விளக்கமே.

விரைவளர்ச்சிக் கட்டமே பயிற்சியாளருக்குக் கடினமானது. கால் எலும்புகள் முதலில் நீள்கின்றன, தசைகள் பின்தங்குகின்றன. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பையன் தடுமாறுகிறான், நேரம் மோசமாகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையில் வலி, குதிகாலில் வலி என்று வருகிறார்கள். 14 முதல் 17 வயதுக்குள் முழுவேகத்தில் ஓடும்போது பிட்டத்து எலும்பிலிருந்து தொடைப் பின்தசையின் பிடிப்பு துண்டாகப் பெயர்ந்து வரும் காயமும் உண்டு. தசைப்பிடிப்பு என்று எண்ணி வலியோடு ஓடவைத்தால் மாதக்கணக்கில் ஓய்ந்திருக்க நேரிடும். இந்தக் கட்டத்தில் துள்ளல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தூக்கும் முறையைத் திருத்திக்கொண்டு, உடல் நிலைபெறும் வரை பொறுப்பதே அறிவுடைமை. சீக்கிரம் பருவமடைந்தவன் 14 வயதுப் பிரிவில் பதக்கம் வாங்குவதும், தாமதமாக வளர்பவன் அதே ஆண்டில் அணியிலிருந்து நீக்கப்படுவதும் பல மைதானங்களில் நடக்கிறது. நான்கு ஆண்டுக்குப் பிறகு நிலைமை தலைகீழாகலாம் என்பதால், இந்த வயதில் யாரையும் கழித்துவிடுவது பெரும் இழப்பு.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே பேச வேண்டும். பருவமடைந்த பின் அவர்கள் எடை கூடுகிறது; அதற்கு ஈடாக வலிமை தானாகக் கூடுவதில்லை. ஆண்பிள்ளைகள் வளர்ச்சியாலேயே வேகம் பெறும் வயதில் பெண்பிள்ளைகளின் நேரம் அப்படியே தேங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழியும் ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். ஆகவே வலுப்பயிற்சி அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. நடைமுறையில் அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் நின்றுபோவது, ஓயாத களைப்பு ஆகியவை உணவு போதாததன் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைக் கண்டும் பயிற்சியைக் கூட்டுவது அந்தப் பெண்ணின் எலும்பையே பலவீனப்படுத்தும்.

பயிற்சிகள்

பார்பெல் என்னும் பளுத்தண்டைத் தொடும் முன் தன் உடலை ஆளத் தெரிய வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பஸ்கியும் தண்டாலும் பழக்கமானவை. குதிகால் தரையில் அழுந்த, முதுகு நிமிர்ந்து, முழங்கால் உள்ளே சாயாமல் பஸ்கி போடப் பழகியவனுக்கு ஸ்குவாட்டின் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. தவறு செய்த மாணவனுக்கு உக்கி போடவைப்பதைத் தண்டனையாக வைத்திருப்பது இந்தப் பயிற்சிக்கு நாமே செய்துகொண்ட கேடு. ஒற்றைக் காலில் எழுந்து உட்காருதல், ஒரு காலை முன்வைத்து இறங்குதல், படியேறுதல் ஆகியவை அடுத்த கட்டம். ஓட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு காலுக்கு மேல் தரையில் இருப்பதில்லை என்பதால் ஒற்றைக் கால் பயிற்சிகளைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

தூக்கும் முறை கைவந்த பிறகு ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் அடிப்படைப் பயிற்சிகளாகின்றன. பெஞ்சில் முதுகைச் சாய்த்து, இடுப்பின் மேல் பளுவை வைத்து இடுப்பை மேலே உந்தும் பயிற்சி, ஓடும் திசைக்கு நெருக்கமானது என்று அண்மையில் பெயர் பெற்றது. 2017இல் பதின்வயது ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் இது 10, 20 மீட்டர் ஓட்டத்தில் முன்புற ஸ்குவாட்டைவிட நல்ல பலன் தந்தது. பின்னர் வந்த சில ஆய்வுகளில் அந்தப் பலன் காணப்படவில்லை. பிட்டத் தசையை வலுவாக்கும் நல்ல பயிற்சி என்று சேர்த்துக்கொள்ளலாம்; ஸ்குவாட்டை நீக்கிவிட்டு இதை வைக்கப் போதிய காரணம் இல்லை. லெசின்ஸ்கியின் தொகுப்பில் வலிமைக்கு அதிகப் பலன் தந்த அளவு, ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 முதல் 89 சதவீதம், ஒரு சுற்றுக்கு 6 முதல் 8 தடவை, சுற்றுகளுக்கிடையே 3, 4 நிமிட ஓய்வு. பழகியவர்களுக்கான அளவு இது. தொடங்குவோருக்கு அதில் பாதி எடையே முதல் சில மாதங்களுக்குப் போதும். எப்போதும் இறக்குவதை நிதானமாகவும் எழுவதை வேகமாகவும் செய்யப் பழக்க வேண்டும். கனம் காரணமாகப் பார் மெதுவாக நகர்ந்தாலும் வேகமாக எழ முயலும் எண்ணமே நரம்புக்குப் பயிற்சி.

தொடைப் பின்தசைக்குத் தனி இடம் தர வேண்டும். வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இந்தத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பெரும்பாலான கிழிசல்கள் அந்தக் கணத்தில்தான். முழங்காலிட்டு, கணுக்காலைத் துணைவர் அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெல்ல முன்னே சாயும் நோர்டிக் பயிற்சிக்குக் கருவி ஏதும் தேவையில்லை. அதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் தொடைப் பின்தசைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2019இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. காயத்தால் இழக்காத வாரங்கள் வேகத்துக்குச் செய்யும் உதவியை வேறு எந்தத் தனிப் பயிற்சியும் செய்வதில்லை. முதல் நாட்களில் தசைவலி கடுமையாக இருக்கும் என்பதால் ஐந்தாறு தடவையில் தொடங்க வேண்டும். போட்டிக்கு முந்தைய நாட்களில் தவிர்க்க வேண்டும்.

துள்ளல் பயிற்சியில் எளியதிலிருந்து கடியதற்குப் போகும் வரிசை முக்கியம். கயிறு தாண்டுதல், இருகாலில் நின்ற இடத்திலேயே துள்ளுதல், சிறு தடைகளைத் தாண்டுதல், பின் ஒற்றைக் காலில் தொடர்ந்து பாய்ந்து செல்லுதல். வாரம் இரு முறை, ஒரு தடவைக்கு 50, 60 துள்ளலில் தொடங்கி எட்டுப் பத்து வாரங்களில் 120 வரை உயர்த்துவது இளம் கால்பந்து வீரர்களிடம் நல்ல பலன் தந்தது. துள்ளலின் தரம் சத்தத்திலேயே தெரியும். பாதம் சட்டென்று தட்டி எழ வேண்டும். தொப்பென்று விழும் சத்தம் கேட்டால் அன்றைய பயிற்சியை அங்கேயே முடித்துவிடலாம்.

இடுப்பில் கயிறு கட்டி டயர் இழுத்து ஓடுவது நம் மைதானங்களில் நெடுநாளாக உண்டு. எடையேற்றிய ஸ்லெட் என்ற சறுக்கு வண்டி அதன் ஒழுங்கான வடிவம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றினால் ஓடும் பாணி கெடும் என்று முன்பு எச்சரித்தார்கள். மோரனும் பிறரும் மிகக் கனமான சுமைகளையும் ஏற்றிப் பார்த்து, புறப்பாட்டின் முதல் அடிகளுக்கு அவை உதவுவதைக் காட்டினார்கள். 2020இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளில், வேகத்தைப் பாதிக்கு மேல் குறைக்கும் அளவு கனமான சுமை முதல் சில மீட்டர்களில் அதிகப் பலன் தந்தது. விரைவளர்ச்சிக்கு முந்தைய சிறுவர்களுக்கோ ஸ்லெட்டால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை என்று முந்தைய ஆய்வு ஒன்று சொல்கிறது. அவர்களுக்கு ஓடிப்பிடித்து ஆடும் விளையாட்டே போதும்.

மணலில் ஓடுவதும் இந்த வகையைச் சேர்ந்தது. கேரளத்தின் பய்யோலிக் கடற்கரையில் ஓ. எம். நம்பியாரிடம் பயின்ற பி. டி. உஷா, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 நொடியில் நான்காவதாக வந்தார். வெண்கலத்தை நொடியின் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் இழந்தார். கருவிகள் இல்லாத இடத்தில் ஒரு நல்ல பயிற்சியாளர் இயற்கையை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு அந்தக் கடற்கரை சான்று. மணல் அதிர்ச்சியை உள்வாங்குகிறது, கால் தசைகளைக் கடுமையாக உழைக்கவைக்கிறது. அதே காரணத்தால் பாதம் அதில் அமிழ்ந்து தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. ஆகவே முடுக்கத்துக்கான வலிமையை மணலில் தேடலாம். உச்ச வேகத்தைக் கெட்டியான தரையில்தான் பழக வேண்டும்.

பாதுகாப்பு

வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு வேராகச் சொல்லப்படுவது 1960களில் ஜப்பானில் கடும் உடலுழைப்பில் ஈடுபட்ட சிறார்களைப் பற்றிய ஓர் ஆய்வு. அந்தச் சிறார்களின் வளர்ச்சிக் குறைவில் ஓயாத வேலைக்கும் வறுமைக்கும் பங்கு இருந்தது. வாரம் இரு முறை கண்காணிப்புடன் செய்யும் பயிற்சியோடு அதை ஒப்பிட முடியாது. 2014இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும், அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் 2020 அறிக்கையும், முறையாகக் கற்பிக்கப்பட்ட வலுப்பயிற்சி சிறுவர்களுக்குப் பாதுகாப்பானது, உயர வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்று சொல்கின்றன. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த பளுப்பயிற்சிக் காயங்களைப் பார்த்த ஆய்வில், 8 முதல் 13 வயதினரின் காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு கையிலும் பாதத்திலும் இருந்தன. பெரும்பாலும் எடை கைநழுவி விழுந்ததும், தட்டுகளுக்கிடையே விரல் நசுங்கியதுமே காரணம். ஆள் பக்கத்தில் நின்று கவனித்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை நடந்திருக்காது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. யார் அதிகம் தூக்குகிறார்கள் என்று பிள்ளைகள் தமக்குள் போட்டி போடுவது, கைப்பேசிக் காணொளியைப் பார்த்துத் தனியே முயல்வது, விரைந்த பலன் வேண்டி யாரோ தரும் மாத்திரையையும் பெயர் தெரியாத பொடியையும் உட்கொள்வது. ஊக்கமருந்து விதிகளில் அறியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலை தராது. பருப்பு, முட்டை, பால், மீன், நிலக்கடலை என்று வீட்டு உணவிலேயே வளரும் ஓட்டக்காரருக்கு வேண்டிய புரதம் கிடைத்துவிடும். 13 முதல் 18 வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணிநேரத் தூக்கமும் வேண்டும். தேர்வுக் காலத்தில் இது கிடைக்காதபோது பயிற்சியின் அளவைக் குறைப்பதே சரி.

வாரமும் ஆண்டும்

ஒரே நாளில் ஓட்டமும் பளுவும் வந்தால் ஓட்டமே முதலில். களைத்த கால் முழுவேகத்தைக் கற்றுக்கொள்ளாது. 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கணக்கில் ஓய்வு தருவது பயிற்சியாளர்களின் பழைய வழக்கம். 30 மீட்டர் ஓடியவன் மூன்று நிமிடம் நின்று இளைப்பாற வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த சுற்றை ஓடவைத்தால் வளர்வது தாங்குதிறன்தான். வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சி, அந்த நாட்களிலேயே முழுவேக ஓட்டம், இடையில் 48 மணிநேர இடைவெளி என்ற அமைப்பு பெரும்பாலான பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தும். போட்டிக் காலத்தில் தூக்கும் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, எடையைக் குறைக்காமல் வாரம் ஒரு நாளாவது தொடர வேண்டும். சிறுவர்கள் பெற்ற வலிமை, பயிற்சி நின்ற எட்டு வாரங்களில் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. மூன்று மாதம் பயிற்சி, கோடை விடுமுறையில் ஒன்றுமில்லை என்று போகும் திட்டம் ஆண்டுதோறும் அதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பலனை அளக்க 10 மீட்டர், 30 மீட்டர் நேரங்களைத் தனித்தனியே குறிக்க வேண்டும். முதலாவது குறைந்து, இரண்டாவதன் கடைசி 10 மீட்டர் மாறாதிருந்தால், பளுவும் ஸ்லெட்டும் வேலை செய்கின்றன, துள்ளலும் முழுவேக ஓட்டமும் போதவில்லை என்று பொருள். ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அழுத்தி எடுக்கும் நேரம் மின்னணு நேரத்தைவிடச் சுமார் 0.24 நொடி குறைவாகக் காட்டுகிறது. ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. 10 மீட்டரில் ஒரு பருவத்துக்குள் கிடைக்கக்கூடிய முன்னேற்றம் பெரும்பாலும் 0.1 நொடிக்கும் குறைவு என்பதால் கைக்கடிகாரத்தில் அது தெரியாமலே போகும். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவுசெய்து, படங்களை எண்ணி நேரம் கணக்கிடுவது பள்ளிகளுக்குக் கைக்கெட்டும் வழி. அதே காணொளியில் பாதம் தரையில் தங்கும் நேரத்தையும் எண்ணிவிடலாம். அளந்த நாளின் உயரத்தையும் எடையையும் நேரத்தின் அருகிலேயே எழுத வேண்டும். ஆறு மாதத்தில் 5 சென்டிமீட்டர் வளர்ந்தவனின் நேரம் குறைந்திருந்தால், அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, வளர்ச்சியின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண்கள் இல்லாமல் பிரித்தறிய முடியாது.